செவ்வாயும் வெள்ளியும் அழும் மெஷின்

இரண்டு வருடங்களுக்கு முன்பு மும்பை மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில், இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி ஒருத்தி ஷ்யாமளாவின் மேஜை முன்னால் வெகுநேரம் நின்றாள். மேஜையில் அவள் உருவாக்கிய, டிபன் டப்பா அளவுக்கு ஒரு மெஷின் இருந்தது. விஷத்தை மோப்பம் பிடிக்கும் மெஷின் என்று ஷ்யாமளா விளக்கி முடித்ததும் அந்தச் சிறுமி கேட்டாள்.

"ஆன்ட்டி, அது யாரைக் கொல்ற விஷம்னு மெஷினுக்குத் தெரியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஷ்யாமளாவும் சிரித்து, ஒரு சாக்லேட் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

இப்போது அந்த மெஷின் செம்பூரில் ஒரு ரசாயன ஆலையின் இரண்டாம் நம்பர் கேட்டில் உட்கார்ந்திருந்தது. இன்று வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி. ஷ்யாமளா மாட்டுங்காவுக்கு போன் போட்டாள்.

"பூலோகம் சார், ஷ்யாமளா பேசறேன். உங்க தெருக் கடைசி வீடு. ஒரு மனுஷரை டெரரிஸ்ட்டுன்னு மூணு மணிக்கு போலீஸ்ல கொடுக்கப் போறா. என் மெஷின்தான் பிடிச்சுக் கொடுத்தது. அது பொய் சொல்லாது. ஆனா எனக்குக் காலையிலேர்ந்து காபி இறங்கலை."

"காபி இறங்கலைன்னா அது பெரிய கேஸ்தான்மா. வாரேன்" என்றார் பூலோகம்.

பூலோகத்துக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் நெடுந்தூர ரயில்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு பூக்கடைகளுக்கு மேலே ஒரே ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, முருகன் படத்தை மாட்டி, துப்பறியும் நிலையம் என்று போர்டும் மாட்டிவிட்டார். அவருடைய உதவியாளர் அப்துல் ஹாதி. நாற்பத்திரண்டு வயது. முன்பு டாக்ஸி ஓட்டியவன். இப்போது ஸ்கூட்டர் ஓட்டுகிறான், வாயும் ஓட்டுகிறான்.

"அண்ணாச்சி, கெமிக்கல் ஃபாக்டரியில விஷம் கண்டுபிடிக்கிற மெஷினா? மீன் மார்க்கெட்ல மீன் வாசனை கண்டுபிடிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே.

"வண்டிய எடு."

"எடுக்கிறேன். ஆனா ஒரு மணிக்கு எனக்கு ஜும்மா தொழுகை. டெரரிஸ்ட் கிட்ட சொல்லி வைங்க."

ஆலையின் கேட்டில் பெரிய கூட்டம். ஐம்பது அறுபது தொழிலாளிகள் பசியோடு நின்று செக்யூரிட்டி கணேசபாண்டியனைச் சூழ்ந்திருந்தார்கள். உள்ளே மடக்கி வைக்கப்பட்டிருந்தவர் அவர்களுக்குத் தினமும் இட்லி கொண்டுவரும் சுடலைக்கண்ணன். தாராவியில் விடியும் முன் அவித்து, அலுமினிய அண்டாவைத் தலையில் வைத்து, பஸ் ஏறி வருகிறவர். பதினெட்டு வருடமாக இந்தக் கேட்டில் விற்கிறார்.

"அந்த ஆளு டெரரிஸ்ட்டாவே இருக்கட்டும், சட்னி நல்லாருக்கும்ல. அதை மட்டும் வெளிய விடுய்யா" என்று ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார்.

கணேசபாண்டியன் பூலோகத்தைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னான். மெஷின் வந்து மூன்று வாரம் ஆகிறது. கேட்டுக்குள் வருகிற ஒவ்வொரு மூட்டையையும் பையையும் ஈரப் பஞ்சால் துடைத்து, பஞ்சை மெஷினுக்குள் வைக்க வேண்டும். மூன்று நிமிடத்தில் உள்ளே இருக்கும் பட்டை நீலமானால் போகலாம். வெள்ளையாகவே இருந்தால் விஷம். இதுவரை சங்கு ஊதாமல் ரகசியமாகக் கணக்கெடுத்தார்கள். இன்றைக்குத்தான் சங்கை இணைத்தார்கள்.

"நாலாயிரம் பேரு போயிருப்பாங்க சார். வெள்ளை காட்டினது இவரு ஒருத்தருக்குத்தான். அதுவும் செவ்வாய், வெள்ளி மட்டும். மத்த நாளெல்லாம் நீலம். இன்னிக்கு ஊதுச்சு பாருங்க, எனக்கே காலை நாஷ்டா போச்சு."

பூலோகம் மாடியைப் பார்த்தார். ஷ்யாமளா மேனேஜர் அறையில் இருந்தாள். போனில் கேட்டார்.

"அம்மா, அந்தப் பட்டைக்குள்ள என்ன இருக்கு? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

"நம்ம நரம்புல வேலை பண்ற ஒரு நொதி சார். உயிர்லேர்ந்து எடுத்த ஒரு சின்னத் துண்டு. அது ஆரோக்கியமா இருந்தா பட்டை நீலமாகும். யுத்தத்துல போடற நரம்பு விஷம் துளி பட்டாக்கூட முடங்கிப் போயிடும். அப்போ நீலமே வராது."

"வேற எதுக்கு முடங்கும்?"

"சில பூச்சி மருந்துக்கும் முடங்கும். ரெண்டும் ஒரே குடும்பம். அதனாலதான் முதல்லயே கேட்கச் சொன்னேன். வீட்டில பூச்சி மருந்து உண்டான்னு. அவர் இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கார். பொய்யா சத்தியம் பண்றவரை நான் எப்படி சார் நம்பறது?"

"நீங்க அவரைப் பாத்தீங்களா?"

"இல்லை. பேர் மட்டும் தெரியும். பேப்பர்ல நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

கேட்டை ஒட்டிய அறையில் சுடலைக்கண்ணன் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றியில் பட்டையாக விபூதி. மடியில், தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியை உருட்டி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பூலோகம் எதிரில் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"காலையில சாப்பிட்டியளா?"

"இல்ல அண்ணாச்சி."

"இட்லிக்காரர் பட்டினியா? ஹாதி, ஒரு டீ வாங்கு."

டீ வந்தது. பாதி குடித்ததும் பூலோகம் கேட்டார். "வீட்ல பூச்சி மருந்து ஏதாவது அடிக்கியளா?"

"எங்க வீட்லயா? பூச்சியே கெடையாது அண்ணாச்சி. ஒரு கரப்பான் கூட கெடையாது. எறும்பு கூட வராது."

"தாராவியில எறும்பு வராத வீடா?" என்றான் ஹாதி. "அண்ணாச்சி, இவரு டெரரிஸ்ட் இல்ல. அவுலியா, பெரிய மகான்."

சுடலைக்கண்ணன் சிரிக்கவில்லை. பூலோகம் அவர் முகத்தையே பார்த்தார். முப்பது வருட ரயில் அவருக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருந்தது. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலைப் பார்ப்பான். டிக்கெட்டைத் தொலைத்தவன் நம்மையே பார்ப்பான். மூன்றாவதாக ஒரு ஜாதி உண்டு. சட்டைப் பையில் டிக்கெட் இருக்கும். ஆனால் அதில் எழுதியிருக்கும் ஊரை நாம் பார்த்துவிடக் கூடாது என்று அபராதம் கட்டத் தயாராக இருப்பான். அந்த ஆள் தன் கையைத்தான் பார்ப்பான்.

சுடலைக்கண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூலோகம் எழுந்து அண்டாவைப் பார்க்கப் போனார். அண்டாவின் கழுத்தில் ஒரு முழம் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கணேசபாண்டியன், பூ தினமும் சுத்துவாரா?"

"இல்ல சார். செவ்வாய், வெள்ளி மட்டும். முருகனுக்கு."

"மல்லிகைத் தோட்டத்துல பூச்சி மருந்து தெளிக்காம பூப்பறிக்கிறது கெடையாது. நம்ம ஆபீசுக்குக் கீழ பூவோட வாசனையைவிட மருந்து வாசனைதான் தூக்கலா இருக்கும். ஹாதி, கேஸ் முடிஞ்சுது."

"இவ்வளவு சீக்கிரமா? பெட்ரோல் காசு கூட தேறாதே அண்ணாச்சி."

கணேசபாண்டியன் பூவைத் துடைத்துப் பஞ்சை மெஷினில் வைத்தான். மூவரும் குனிந்து பார்த்தார்கள். கேட்டில் நின்ற கூட்டமும் எட்டிப் பார்த்தது. மூன்று நிமிடம். பட்டை மெல்ல, மயில் கழுத்து மாதிரி நீலமானது.

பூலோகம் பூவைக் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"கழுவித் தொடுத்திருக்காங்க அண்ணாச்சி, அந்தப் பூக்காரம்மா. நல்ல மனுஷி. அவங்க நல்ல மனுஷியா இருந்து நம்ம கேஸைக் கெடுத்துட்டாங்க" என்றான் ஹாதி.

"இட்லியை வை."

இட்லி நீலம். சட்னி நீலம். நீலம் என்றால் நல்லது என்று தெரிந்துகொண்ட ஹாதி அங்கேயே மூன்று இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, விஞ்ஞானத்துக்காகச் செய்தேன் என்றான். அண்டாவின் மூடி நீலம். கடைசியாக அண்டாவின் அடியைத் துடைத்து வைத்தார்கள். பட்டை வெள்ளையாகவே இருந்தது. சங்கு ஊதியது. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"மூடியில விஷம் இல்லை. அண்டாவுக்குள்ளயும் இல்லை" என்றார் பூலோகம் மெதுவாக. "அண்டாவுக்கும் தலைக்கும் நடுவுல இருக்கு."

கணேசபாண்டியனுக்குப் புரிந்துவிட்டது. "சும்மாடு. காலையில இருந்து அதை விடாமப் பிடிச்சிருக்காரு. பிடுங்கிட்டு வரவா?"

"வேண்டாம். ஒருத்தர் இறுக்கிப் பிடிச்சிருக்கிறதப் பிடுங்கினா துணிதான் கிடைக்கும், காரணம் கிடைக்காது. சும்மாடு அவர் வீட்ல இருந்து வருது. நாம அங்க போவோம். எனக்கு ரெண்டு பஞ்சும் ரெண்டு பட்டையும் குடுங்க."

மணி பன்னிரண்டரை. ஸ்கூட்டர் தாராவியின் சந்து முனையை அடைந்தபோது ஒன்றாகப் பத்து நிமிடம். ஹாதி நேரத்தைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, மூணு மணிக்குள்ள திரும்பணும். நான் வேணா ஜும்மாவை..."

"போய்த் தொழுதுட்டு வா. அவருக்காகவும் ரெண்டு வார்த்தை கேட்டுக்கோ. நான் டீ குடிச்சிட்டு இருக்கேன்."

டீக்கடையை நடத்தியது ஆறுமுகத்தாய். தலை நரைத்திருந்தாலும் குரல் நரைக்கவில்லை. சுடலைக்கண்ணன் வீடு எது என்று கேட்டதுதான் தாமதம், விஷயம் தானாகக் கொட்டியது.

"அந்தா நீலக் கதவு. என்ன விசயமா? பொண்ணு விசயமாத்தான் இருக்கும். ஞாயித்துக்கெழமெ பாண்டுப்புல இருந்து பாக்க வாராவ. நல்ல எடம். பய ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கானாம். தாயில்லாப் புள்ளைய இந்த மனுசன் ஒத்தையில வளத்தாரு. அதுக்காவ ஒரு மாசமா வீட்டையே பொரட்டிப் போடுதாரு. சுண்ணாம்பு அடிக்காரு. நாம தீவாளிக்கு மெத்தையை வெயில்ல போடுவோம், அவரு தெனமும் போடுதாரு. ஆனா ஒருத்தரையும் உள்ள விடமாட்டாரு. நான் கல்யாணப் பலகாரம் பத்திப் பேசப் போனா வாசல்லயே நிக்கவச்சுப் பேசுதாரு. இத்தனை வருசப் பழக்கத்துல அது எனக்கு வருத்தந்தான்."

பூலோகம் இரண்டாவது டீ சொன்னார். சந்தோஷமாக இருக்கும்போது அவர் இரண்டாவது டீ சொல்வார்.

ஹாதி தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். இருவரும் நீலக் கதவைத் தட்டினார்கள். சுடலைக்கண்ணனின் மகள் மாரிசெல்வி திறந்தாள். தாணேயில் ஒரு துணிக்கடையில் வேலை. சில நாள் மாலை ஷிஃப்ட், இன்று லீவு. அப்பாவிடமிருந்து போன் வராத பயம் கண்ணில் தெரிந்தது.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்லம்மா. மூணு மணிக்கு மேல வந்துருவாரு. ஒரு சின்ன விசாரணை" என்றார் பூலோகம்.

"எங்கப்பா என்ன மாமா தப்பு செஞ்சாவ?"

"அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். கிடைக்கலைன்னா நல்லது. உள்ள வரலாமா?"

அவள் தயங்கினாள். தயங்கி, வழிவிட்டாள். பத்துக்குப் பன்னிரண்டு அறை. பளிச்சென்ற சுண்ணாம்பு. ஓரமாக ஒரு மரக்கட்டில். அதன் மேல் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு பழைய சும்மாடு காய்ந்துகொண்டிருந்தது. கட்டிலின் நாலு காலும் நாலு டப்பா மூடியில் நின்றன. மூடிகளில் தண்ணீர். உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அதைத் துடைத்துப் பூலோகத்துக்குப் போட்டாள்.

"நீங்க இங்க நில்லு... இல்ல, இந்தப் பாத்திரத்தைக் கவுத்துப் போடுதேன், அதுல..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஹாதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். மாரிசெல்வியின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது.

"டீ போடுதேன்" என்று திரும்பிக்கொண்டாள்.

அவள் ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். ஹாதி இடது தொடையைச் சொறிந்தான். அவள் டீத்தூளைப் போட்டாள். அவன் வலது தொடையைச் சொறிந்தான். அவள் இஞ்சியைத் தட்டினாள். அவன் முதுகைக் கட்டில் சட்டத்தில் தேய்த்துக்கொண்டே பூலோகத்தை ஒரு பார்வை பார்த்தான். பேசவில்லை. ஹாதி பேசாமல் இருந்ததைப் பூலோகம் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்.

பூலோகம் ஈரப் பஞ்சை எடுத்துப் பழைய சும்மாட்டைத் துடைத்தார். கட்டில் காலையும் துடைத்தார். பஞ்சைப் பட்டையில் அழுத்தி, மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்று நிமிடம். வெள்ளை.

மாரிசெல்வி டீயோடு திரும்பியபோது ஹாதி எழுந்து நின்றிருந்தான். அப்போது பூலோகம் ஸ்டூலிலிருந்து எழுந்தார். போய் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தார். சாவகாசமாகக் காலை நீட்டி, சம்மணமும் போட்டுக்கொண்டார்.

"ஸ்டூல் இடுப்புக்கு ஒத்துக்கலைம்மா. நல்ல கட்டில். எந்தக் காலத்து மரம்? டீயைக் கொடு."

ஒரு டீயை அவர் அன்றைக்குக் குடித்த அளவுக்கு மெதுவாக யாரும் குடித்திருக்க முடியாது. கடைசி மடக்கு வரை அவர் கை சொறியப் போகவில்லை. மாரிசெல்வியின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

சந்து திரும்பியதும் பூலோகம் ஒரு சுவரில் முதுகைச் சாய்த்து, நிதானமாக, ஆனந்தமாக, இரண்டு கையாலும் சொறிந்துகொண்டார்.

"அண்ணாச்சி, மூட்டைப்பூச்சி" என்றான் ஹாதி.

"ஆமா."

"நேத்து மருந்து அடிச்சிருக்காங்க. அதுங்க சாகல. கோபத்துல இருக்குங்க."

"அந்த மெஷின்ல உயிர்லேர்ந்து எடுத்த ஒரு துண்டு இருக்குன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல? அதுக்கு மூணு நிமிஷம் ஆச்சு. நீ முழுசா ஒரு உயிர். முப்பது செகண்டுல ரிசல்ட் கொடுத்துட்ட."

"என் ரத்தத்தைக் குடிச்சுக் கேஸ் கண்டுபிடிச்சிருக்கீங்க. என்னை மெஷின் ஆக்கிட்டீங்க. கம் சே கம், கொறஞ்சது சார்ஜாவது பண்ணுங்க, ஒரு ஃபலூதா."

"கேஸ் இன்னும் முடியல. மூட்டைப்பூச்சி மருந்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலையிலயே விட்டிருப்பாங்க. ஒரு மனுஷன் டெரரிஸ்ட்டுன்னு பேர் வாங்கினாலும் பரவாயில்லைன்னு ஏன் வாயை மூடிட்டு இருக்கான்?"

இரண்டு முப்பத்தைந்துக்குச் செம்பூர் கேட்டை அடைந்தார்கள். பூலோகம் கணேசபாண்டியனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஹாதி ஜன்னலை அடைத்து நின்றான்.

"சுடலை, உங்க வீட்டுக் கட்டில்ல உக்காந்து டீ குடிச்சிட்டு வாரேன்."

சுடலைக்கண்ணனின் கை சும்மாட்டை விட்டுவிட்டது. துணி தரையில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"எம்மவ முன்னாலயா?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவளும் சொல்லல."

அவர் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "ஒரு மாசமா அண்ணாச்சி. ஒரு பழைய மெத்தை வாங்கினேன், அதுல வந்துச்சு. லேபிள் இல்லாத சீசாவுல ஒருத்தன் மருந்து வித்தான், வாரத்துக்கு ரெண்டு நாளு அடின்னான். திங்களும் வியாழனும் எம்மவளுக்குச் சாயங்கால ஷிஃப்ட். அவ இல்லாத நேரத்துல அடிப்பேன். சும்மாடு தலைமாட்டுல கெடக்கும். மருந்து ஒரு நாள்ல காத்துல போயிருமாம், அதான் மத்த நாள்ல மெஷினு கத்தலபோல. எனக்கு இது இப்பத்தான் வெளங்குது."

"இதை அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

"எப்படி அண்ணாச்சி சொல்லுவேன்? கேட்டுல நம்ம ஆளுகதான் அறுவது பேரு. சாயந்தரத்துக்குள்ள சேதி பாண்டுப்புக்குப் போயிரும். போலீசு புடிச்சிட்டுப் போனா, பாவம், பொய்க் கேசுன்னு ஊரு சொல்லும். மூட்டைப்பூச்சின்னா ஊரு நம்பிரும். அப்புறம் ஒரு பய எங்க வீட்டுப் படியேற மாட்டான். எங்க சந்துல நாப்பது வீட்ல இட்லி அவிக்காவ. என் ஒருத்தனால அத்தனை பேரு இட்லியையும் ஒருத்தனும் வாங்க மாட்டான். நான் ஜெயிலுக்குப் போனா ரெண்டு நாளு. இது ஆயுசுக்கும்."

ஹாதி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். "சாச்சா, டெரரிஸ்ட் பட்டத்தைக் கௌரவமா நெனைச்ச ஒரே ஆளு நீங்கதான்."

இந்தத் தடவை சுடலைக்கண்ணன் சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே அழுதார்.

பூலோகம் அவர் தோளில் கை வைத்தார். "ஒரு தப்பு இருக்கு, அதை நான் சொல்லியாகணும். அந்த மருந்து மனுஷ நரம்பையும் கெடுக்கும். அதைத் தலையில சுமந்துக்கிட்டு, பக்கத்துல சாப்பாட்டை வச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. இட்லி சுத்தமா இருந்துது, அது முருகன் செயல். இனிமே அந்தச் சீசா உங்க வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. ரெண்டு சும்மாடும் குப்பைக்குப் போகணும். பூச்சிக்கு வேற வழி நான் ஏற்பாடு பண்றேன். நாளைக்குக் காலையில உங்க மக வேலைக்குப் போனதும் சாவியை நிலைக்கு மேல வச்சிட்டு வியாபாரத்துக்குப் போங்க. ஒருத்தர் வந்து செஞ்சிட்டுப் போவாங்க. யாருன்னு கேக்காதீங்க."

மாடி ஏறும்போது மணி இரண்டு ஐம்பது. மேனேஜர் கையில் போன் இருந்தது. பூலோகம் ஷ்யாமளாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, வெள்ளைப் பட்டையைக் காட்டி, நடந்ததைத் தணிந்த குரலில் சொன்னார்.

அவள் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு குழந்தை கேட்டுது சார், கண்காட்சியில. யாரைக் கொல்ற விஷம்னு மெஷினுக்குத் தெரியுமான்னு. நான் பதிலே சொல்லலை. இப்போ ரிப்போர்ட்ல காரணம் எழுதணுமே. பொய் எழுத மாட்டேன்."

"பொய் எழுத வேண்டாம். வீட்டு உபயோகப் பூச்சி மருந்துன்னு எழுதுங்க, அது உண்மை. எந்தப் பூச்சின்னு உங்க படிவத்துல கட்டம் இருக்கா?"

அவள் யோசித்தாள். "இல்லை."

"அப்போ இல்லாத கட்டத்தை நாம ஏன் நிரப்பணும்?"

அவள் உள்ளே போனாள். இரண்டே நிமிடம். மேனேஜர் என்ன பூச்சி என்று கேட்டது தாழ்வாரத்துக்குக் கேட்டது. "மும்பையில எந்தப் பூச்சிதான் சார் இல்லை" என்று அவள் ஹிந்தியில் சொன்னதும் கேட்டது. அந்த வகை மருந்தைத் தனியாகப் பிரித்துக் காட்ட மெஷினுக்கு இன்னும் தெரியாது, குறை மெஷினுடையது, ஆள் நிரபராதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தால் அவளுடைய மெஷின் மேலும் ஆறு மாதம் சோதனையில் கிடக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். போட்டுவிட்டாள்.

மூன்று மணிக்குக் கேட் திறந்தது. சுடலைக்கண்ணன் அண்டாவோடு வெளியே வந்ததும் கூட்டம் அவரை மொய்த்துக்கொண்டது. ஆறிப்போன இட்லி பத்து நிமிடத்தில் தீர்ந்தது. மெஷினே இந்த இட்லி சுத்தம் என்று சொல்லிவிட்டதாகக் கணேசபாண்டியன் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். அது மட்டும் முழு உண்மை.

மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஷ்யாமளா கேட்டாள். "நான் கீழே போய் மன்னிப்புக் கேட்கட்டுமா சார்? நாலு பேருக்கு முன்னாடி அவர் பேரைக் கெடுத்திருக்கேன். நாலு பேருக்கு முன்னாடியே கேட்கறதுதான் நியாயம்."

"நியாயந்தான். ஆனா நீங்க கேட்டா, எதுக்குன்னு நாலு பேரும் கேப்பாங்க. அவர் பதில் சொல்ல வேண்டி வரும்."

அவள் முகம் வாடியது. "அப்போ நான் என்னதான் பண்றது? இது என்மேல கடனாவே நிக்குமே."

"நாளைக்கு அவர் வீட்டுக்கு ஒருத்தரை அனுப்பறதாச் சொல்லியிருக்கேன். யாரைன்னு நான் இன்னும் முடிவு பண்ணல" என்றார் பூலோகம். "மருந்து இல்லாம மூட்டைப்பூச்சி சாக வழி உண்டாம்மா?"

"சூடு சார். கொதி நீராவி பட்டா முட்டைகூடப் பிழைக்காது." சொல்லிவிட்டு அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பூலோகம் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு பெரிய கைப்பையோடு சந்துக்குள் வந்த பெண்ணை, புடவை விற்க வந்தவள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் நீலக் கதவைத் திறந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பைக்குள்ளிருந்து வீட்டில் துணிக்கு நீராவி பிடிக்கும் கருவியை எடுத்தாள். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டாள்.

கட்டிலைக் கழற்றினாள். ஒவ்வொரு சட்டத்தையும், ஒவ்வொரு ஆணி ஓட்டையையும், மெத்தையின் ஒவ்வொரு தையலையும் நீராவியில் நனைத்தாள். சுவரின் அடிப்பக்கம், கதவின் கீல், முருகன் படத்தின் சட்டத்துக்குப் பின்புறம். படத்தை எடுக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் தீர்ந்தபோதெல்லாம் மூலையிலிருந்த குடத்திலிருந்து ஊற்றினாள். மூன்று மணி நேரம் மண்டியிட்டே இருந்தாள். இரண்டு முட்டியும் சிவந்துவிட்டன. மாட்டுங்காவில் அவள் வீட்டில் தரை துடைக்க ஆள் உண்டு.

பிறகு கட்டிலைப் பூட்டி, தரையைக் காய்ந்த துணியால் துடைத்து, மெத்தையைப் போட்டு, நாளைக்கு வரப்போகிறவர்கள் உட்கார வேண்டுமே என்று விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்தாள். தான் வந்ததற்கு அடையாளமாக ஒன்றையும் வைக்கவில்லை. கதவைப் பூட்டி, எம்பி, சாவியை நிலைக்கு மேல் வைத்தாள்.

சந்து மிகக் குறுகல். பாதி வழியில் எதிரே ஒருவர் காலி அண்டாவோடு வந்தார். தலையில் புதுச் சும்மாடு. அவள் அவரை மாடி ஜன்னலிலிருந்து மட்டுமே பார்த்திருந்தாள். அவர் அவளைப் பார்த்ததே இல்லை. இருவரும் ஒதுங்கியும் அவள் பை அவர் முழங்கையில் பட்டது.

ஷ்யாமளா நின்றாள். கை குவிக்கப் போனது. குவிக்காமல் பையின் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்கோ" என்றாள்.

சுடலைக்கண்ணன் அண்டாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி, அவளுக்கு வழிவிட்டார்.

"அதுக்கென்னம்மா, பரவாயில்ல. பாத்துப் போங்க, வழுக்கும்."